நீறும் நோன்பும்



திருத்தணிகை மலையில் நீறு பூசாத நெற்றியைக் காண்பது அரிது. ஆண்டின் நாள்களைப் போல் முந்நூற்று அறுபத்தைந்து எனக் கணக்கிடப்படும் படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும், காவடி தூக்குவோரும் கடை விரிப்போரும், வெண்ணீறு துலங்கும் நெற்றியினராய் விளங்குவர். அவ்வூரில் வளர்ந்தவன் யான். எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ஆண்டில் ஒரே ஒரு நாள் மட்டும் என் நெற்றியிலும் நீறு இருக்கும். அந்நாள் விபூதிப் புதன்.

அன்று விடியற்காலையில் தந்தையாருடன் புகைவண்டியேறி அரக்கோணத்துக் கோயிலுக்குச் சென்று, பூசை கண்டு, குருவானவர் இட்ட சாம்பற் சிலுவையுடன் ஊர் திரும்புவேன். ஓர் ஆண்டு அவ்வாறு திரும்பிய போது, எங்கள் தெருவில் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை அழைத்து, "எந்தக் கோயில் திருநீறு, தம்பி?" என்று கேட்டார். "மாதா கோயில் திருநீறு, பாட்டி" என்றேன். அவர் சற்றே என்னை உற்று நோக்கினார். "அங்கேயும் நீறு உண்டா? நல்லது" என்று கூறி, தம் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அங்கே நீறு எப்படி வந்தது? அது நம் நாட்டு நீறா? அயல்நாட்டுச் சாம்பலா? நெற்றியில் அதனைத் தாங்கி நாற்பது நாள் நோற்பதால் மனிதன் உண்மையில் வளர்கின்றானா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை இன்று உங்களுடன் சேர்ந்து காண விழைகின்றேன்.

முதலில் இந்நோன்பின் இயல்பை அறிவோம். இயேசு பெருமான் தம் பணியைத் தொடங்குமுன் பாலைநிலத்தில் நாற்பது நாள் உண்ணாது தனித்திருந்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. மோசே சீனாய் மலையிலும், எலியா ஓரேபு மலைக்குச் செல்லும் வழியிலும் நாற்பது நாள் இருந்தனர் என்பது பழைய ஏற்பாட்டுச் செய்தி. இவற்றை நினைவிற் கொண்டு, உயிர்ப்புப் பெருவிழாவிற்கு முன் நாற்பது நாள் நோற்கும் வழக்கம் திருச்சபையில் தோன்றியது. கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தின் விதிகளில் 'நாற்பது' என்னும் இக்காலத்தைக் குறிக்கும் சொல் காணப்படுகின்றது. ஞாயிற்றுக்கிழமைகள் மகிழ்ச்சிக்கு உரியவை, அவற்றில் நோன்பில்லை. ஆகவே புதனன்று தொடங்கி, ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினால் நாற்பத்தாறு நாள்கள் ஆகும்.

இந்நோன்பின் தொடக்கம் ஆண்டுதோறும் மாறும். காரணம் நிலவு. வசந்த காலத்தில், மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுமதியை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு விழா. கதிரையும் மதியையும் ஒருங்கே நோக்கிக் கணிக்கும் இம்முறை நமக்குப் புதியதன்று. நம் திருவிழாக்கள் பலவும் அவ்வாறு கணிக்கப்படுவனவே.

நெற்றியிலிடும் சாம்பல் எங்கிருந்து வருகின்றது? முந்திய ஆண்டின் குருத்தோலை ஞாயிறன்று கையில் ஏந்திச் சென்ற ஓலையை எரித்த சாம்பல் அது. நம் நாட்டில் அது பெரும்பாலும் தென்னங்குருத்து. அதனைச் சிறு சிலுவையாக மடித்து, வீட்டுச் சுவரிலுள்ள படத்தின் பின்னே செருகி வைப்பர். பசுமையாய் வந்த ஓலை ஓராண்டில் பழுத்து உலர்ந்து, பின்னர்ச் சாம்பலாகி, வீட்டிலுள்ளோர் நெற்றிக்கே திரும்பி வருகின்றது. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புகின்றவன் என்னும் நினைவை இதனினும் எளிதாய் உணர்த்த இயலுமோ?

இனிச் சொற்களைக் காண்போம். சொற்கள் வரலாற்றின் சாட்சிகள் அல்லவா? சீர்திருத்தத் திருச்சபையினர் இக்காலத்தை 'லெந்து' என்பர். அது ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் வசந்த காலத்தைக் குறித்த சொல்லினின்று பிறந்தது. பகற்பொழுது நீளும் பருவம் என்பது அதன் அடிப்பொருள் என்பர். கத்தோலிக்கர் வழங்கும் 'தவக்காலம்' என்பதோ முழுத் தமிழ்ப் பண்பைச் சுமந்து நிற்கின்றது. ஒரு வேளை மட்டும் உண்ணுதலை 'ஒருசந்தி' என்றும், புலால் விலக்கிய உணவைச் 'சுத்தபோசனம்' என்றும் வழங்கினர். ஒருசந்தி என்பது இந்நாட்டில் பிற சமயத்தாரும் அறிந்த சொல். 'நோன்பு' என்னும் சொல்லின் வேரோ பொறுத்தலைக் குறிப்பது. திருவள்ளுவர் தவத்திற்கு வடிவம் கூறுமிடத்தும், தன் துன்பம் பொறுத்தலோடு பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே கூறினார். ஆகவே, லெந்து என்று சொல்லும்போது பருவம் தோன்றுகின்றது. தவம் என்று சொல்லும்போது பண்பு தோன்றுகின்றது. மொழி மாறியபோது நோன்பின் மீது புதியதோர் ஒளி வீழ்ந்தது.

இந்த ஒளி ஒரே நாளில் வீழ்ந்ததன்று. அதன் பின்னே நான்கு நூற்றாண்டு உழைப்பும், ஓயாத வழக்கும், சிந்திய குருதியும் உள்ளன.

முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே உழைத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். இந்திய மொழியின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவென்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால், 1580இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலைப் பலர் நினைப்பதில்லை. அது பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் நூல். கத்தோலிக்கர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்திருந்தது. அவ்வறிக்கைக்குரிய காலமாகத் தவக்காலமே அமைந்தது. அச்சுப்பொறி தமிழகத்து மக்களுக்கு முதன்முதல் அளித்த சில நூல்களுள் ஒன்று, ஒருவன் தன் வாழ்வைத் தானே சோதித்துப் பார்ப்பதற்கு உதவும் நூலாய் இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அடுத்து நீற்றின் வழக்கிற்கு வருவோம். 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டார். காவியுடுத்தார், புலால் நீக்கினார், நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்டார். மற்றவர்கள் நாற்பது நாள் மேற்கொள்ளும் நோன்பை அவர் வாழ்நாள் முழுவதும் மேற்கொண்டார் எனலாம். பூணூலும் குடுமியும் சந்தனமும் இந்நாட்டின் குல வழக்கங்கள். அவற்றை விடாமலே ஒருவன் கிறிஸ்தவன் ஆகலாம் என்பது அவர் கொள்கை. உடன் உழைத்தவரே அதனை எதிர்த்தனர். வழக்கு உரோமை வரை சென்றது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடவழக்கம் கலவாதிருக்குமாயின் அவை இருக்கலாம் என்று இசைந்தார்.

ஆனால் வழக்கு அத்துடன் ஓயவில்லை. புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704இல் பல வழக்கங்களுக்குத் தடை விதித்தார். சாணத்தைச் சுட்டு எடுத்த சாம்பலை நெற்றியில் அணிதலும் அவற்றுள் ஒன்று. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையுடன் அந்நெடிய வழக்கு முடிவுற்றது. திருச்சபை சாம்பலை அறவே வெறுத்ததா? இல்லை. விபூதிப் புதனன்று தானே சாம்பலை இட்டது. அப்படியாயின் வழக்கு எதைப் பற்றியது? ஒரே பொருள் இரு வேறு பொருள்களைக் குறிக்குமாயின், அதனை அணிபவன் எதனை அறிக்கையிடுகின்றான் என்பதைப் பற்றியது. சைவர்க்குத் திருநீறு இறைவன் அருளின் சின்னம், நாள்தோறும் அணிவது, காப்பது. தவக்காலச் சாம்பலோ மனமாற்றத்தின் சின்னம். ஒரு நாள் இடுவது. பிறகு வரும் நாற்பது நாளின் வாழ்வால் நிறைவு பெறுவது. ஒப்புமை உண்டு, வேற்றுமையும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் காண்பதே வரலாற்று மாணவனின் கடமை.

மற்றொன்றும் கூற வேண்டும். நொபிலியின் முறை பண்பாட்டை மதித்தது. ஆனால் அதனோடு சாதி வேற்றுமையையும் ஏற்றுக்கொண்டது. வேறு வேறு சாதியார்க்கு வேறு வேறு துறவியர் என்னும் நிலையும் எழுந்தது. நெற்றிச் சின்னத்தைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டோர், உடன் அமர்ந்து உண்பதைப் பற்றி அவ்வளவு வாதிடவில்லை. நோன்பு காலத்தில் நாம் எண்ணி வருந்த வேண்டிய குறைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இனி, தமிழகத்தின் தவக்கால வரலாற்றில் தனியிடம் பெற்ற ஒரு நாளைக் கூறுகின்றேன். 1647இல் லிஸ்பனில் பிறந்து, போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, 1673இல் இந்தியா வந்தார். அருளானந்தர் என்னும் பெயருடன் காவியுடை பூண்டு மறவர் நாட்டில் உழைத்தார். 1686இல் பிடிபட்டு வதையுண்டு, பின்னர் விடுதலை பெற்றார். தாயகம் சென்றவரை அரசர் அங்கேயே இருத்த விரும்பினார். அவரோ 1690இல் மீண்டும் இங்கு வந்தார். நோயுற்றிருந்த தடியத்தேவர் என்னும் தலைவர் குணம் பெற்று, 1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் முறையீட்டால் அருளானந்தர் சிறைப்பட்டார். ஓரியூரில், பாம்பாற்றின் அருகே, அவர் தலை துணிக்கப்பட்டது. விலக்கப்பட்ட பெண்டிரின் துயரையும் வரலாறு மறத்தலாகாது. ஒரு தலைவரின் மனமாற்றத்திற்கு அவர்களும் விலை கொடுத்தனர்.

அந்நாள் 1693 பிப்ரவரி 4. நாட்காட்டியைக் கணித்துப் பாருங்கள். அவ்வாண்டு உயிர்ப்பு விழா மார்ச் 22இல் வந்தது. உயிர்ப்பு விழா அதற்கு முன் வரவே இயலாது. அதிலிருந்து நாற்பத்தாறு நாள் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 4 வரும். ஆம், அன்று விபூதிப் புதன். 1761, 1818 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வாறே வந்தது. இனி 2285இல்தான் வரும். மனிதன் மண்ணாவான் என்று நெற்றியில் எழுதும் நாளிலேயே அவர் உடல் ஓரியூர் மண்ணில் வீழ்ந்தது. 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இன்றும் ஓரியூரின் செம்மண்ணை மக்கள் பக்தியுடன் எடுத்துச் செல்கின்றனர்.

ஓரியூரின் வீரம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. சாதாரண மக்களுக்கு நோன்பைக் கொண்டு சேர்த்தவை பாட்டும் உரையுமே. இலங்கையில் உழைத்த கோவை நாட்டுத் துறவியான ஜாக்கோமே கொன்சால்வெஸ் — கோவை என்று யான் குறிப்பது கோவா — தமிழில் வியாகுலப் பிரசங்கத்தை இயற்றினார். தவக்கால இரவுகளில் அதனை இராகத்தோடு படிக்கக் கேட்டு மக்கள் கண்ணீர் வடித்தனர். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சீர்திருத்தத் திருச்சபையினர்க்குக் கீர்த்தனைகளை வழங்கினார். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி, ஆன்ம வாழ்வை நெடிய வழிப்பயணமாகக் காட்டினார். சென்னைப் பரங்கிமலையின் படிகளில் ஏறுவோர் சிலுவைப் பாதையின் நிலைகளில் நின்று நின்று வேண்டுகின்றனர். அப்படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மலைப்படியில் ஏறும்போது திருத்தணிகை அடியவருக்கு மூச்சு வாங்குவது போலவே அவர்களுக்கும் வாங்குகின்றது.

மாணவ மணிகளே! திருத்தணிகை என்றதும் உங்கள் உள்ளத்தில் தோன்றும் பெயர் ஒன்று உண்டு. 1888 செப்டம்பர் 5இல் அங்குப் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியில் லுத்தரன் சபையாரின் பள்ளியிலும், வேலூரில் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். அங்கு இந்து சமயத்தின் மீது தொடுக்கப்பட்ட குறைகள் அவர் உள்ளத்தைச் சுட்டன. அவர் வெகுளவில்லை, வெறுக்கவும் இல்லை, தம் முன்னோர் நூல்களைத் திறந்து, எது உயிருள்ளது, எது உயிரற்றது என்று ஆராயத் தொடங்கினார். 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். அதனைப் பாராட்டியவர் அவர் ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர். பிறர் கூறும் குறையைக் கேட்டுத் தன்னைச் சோதித்தல், தன்னிடம் உள்ள உண்மையை மேலும் ஆழமாகப் பற்றுதல் — இதுவன்றோ நோன்பின் உட்பொருள்? அம்மாணவர் நோற்றது அறிவின் நோன்பு. அந்த ஆசிரியர் நோற்றது, தம் கொள்கைக்கு மாறான உரையையும் நடுநிலையோடு மதிப்பிட்ட நேர்மையின் நோன்பு.

இப்பொழுது என் சிறுவயது நிகழ்ச்சிக்குத் திரும்புகின்றேன். பாட்டி வினவிய அன்று பகல் யான் ஒருசந்தி காத்தேன். சிறுவர்க்கு அது கடமையன்று. எனினும் பிடிவாதமாய் உண்ண மறுத்தேன். நெற்றிச் சாம்பல் அழிந்துவிடும் என்று முகமும் கழுவவில்லை. பள்ளியில் எல்லாரும் காண வேண்டும் என்பதே என் ஆசை. மாலையில் பசி மிகுந்தது, சினமும் மிகுந்தது, ஏதுமறியாத தங்கையை அடித்துவிட்டேன். அன்னையார் என்னைக் கடிந்து பேசவில்லை. "நீ உண்ணாத சோறு யாருக்குப் போயிற்று, அப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் சமையலறைக்கு அழைத்துச் சென்று ஒரு பானையைக் காட்டினார். தவக்காலத்தில் நாள்தோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் இடுவது அவர் வழக்கம். நாற்பது நாளும் முடிந்தபின் அது இல்லாதவர் வீட்டு உலைக்குச் செல்லும். அதனை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னாளில் நூல்களைக் கற்றபோது அன்னையாரின் வினா மிகப் பழையது என்று அறிந்தேன். ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பரசர் பெரிய லியோ, நோன்பால் மிஞ்சியது ஏழையின் உணவாக வேண்டும் என்று தம் தவக்கால உரைகளில் வற்புறுத்தினார். அதற்கும் பன்னூறு ஆண்டு முன்னர், ஏசாயா ஆகமம், ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதும் பசித்தோர்க்கு உணவைப் பகிர்வதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்று முழங்கியது. அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. விபூதிப் புதனன்று கோயிலில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி எது தெரியுமா? நோன்பிருக்கும்போது பிறர் அறியாதபடி முகத்தைக் கழுவிக்கொள் என்னும் அறிவுரையே! நெற்றியில் சாம்பல் இடும் அந்நாளிலேயே, அதனைக் காட்சிப் பொருளாக்காதே என்னும் எச்சரிக்கையும் சேர்ந்து ஒலிக்கின்றது. அன்று காலை அதனைச் செவியால் கேட்டிருந்தேன். மாலையில்தான் அது என் உள்ளத்திற் புகுந்தது.

காலப்போக்கில் விதிகள் எளிமையாயின. 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையின்படி, உண்ணா நோன்பின் கடமை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று சுருங்கியது. நோன்பு தேய்ந்துவிட்டதோ என்று சிலர் வருந்தினர். யான் அவ்வாறு கருதவில்லை. விதி சுருங்கிய இடத்தில் விருப்பம் விரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த ஆணையே, செபமும் ஈகையும் நோன்போடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று எடுத்துரைக்கின்றது. கடமைக்கு நோற்பவன் நாள்களை எண்ணுவான். அன்பால் நோற்பவன் அடுத்த வீட்டு அடுப்பை எண்ணுவான்.

தணிகை என்னும் பெயருக்கு, முருகப்பெருமான் சூரனொடு பொருத பின் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்று புராணம் பொருள் கூறும். எல்லைப் போராட்டத்தின் வெம்மையையும் அவ்வூர் கண்டது. சித்தூர் மாவட்டத்துடன் ஆந்திரத்தில் இருந்த அது, படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின் பயனாக 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக் கோடு மாறியது; அங்குத் தமிழும் தெலுங்கும் பேசுவோர் அடுத்தடுத்த வீட்டில் வாழ்வது மாறவில்லை. சினம் தணிதலே அவ்வூரின் பெயர்ப்பொருள் எனில், சினந்து தங்கையை அடித்த என் சிறுவயது நோன்பைவிட, திண்ணைப் பாட்டியின் அமைதியே அன்று அப்பெயருக்கு நெருங்கியதாய் இருந்தது.

அந்த மூதாட்டி இன்று இல்லை. அவர் வினாவிற்கு இன்று யான் கூறும் விடை இது: "பாட்டி, அது சென்ற ஆண்டுக் குருத்தோலையின் சாம்பல். தொலைவிலிருந்து வந்த வழக்கம். ஆனால் நம் தென்னையில் முளைத்து, நம் சொல்லில் தவமாகி, நம் மண்ணில் குருதியும் சிந்தியது. அதன் பொருள் உங்கள் நீற்றின் பொருளன்று. எனினும், அதனை அணிந்தவன் நன்கு வாழ்கின்றானா என்று அறிய, நெற்றியைப் பார்க்க வேண்டாம். அவன் வீட்டு அரிசிப் பானையைப் பாருங்கள்."

மாணவ மணிகளே! நீங்கள் எச்சமயத்தினராயினும் ஆகுக. உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு நோன்பு இருக்கும். அடுத்த முறை அது வரும்போது அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். அதன்பின், நீங்கள் உண்ணாத சோறு யாருக்குப் போயிற்று என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.